மாதவிடாய் நிற்பது ஏன், வாழ்வு தொடர்வது ஏன்: பரிணாமத்தின் இரண்டு கேள்விகள்

அறுபதையும் எழுபதையும் கடந்த பெண்கள் மருத்துவத்தின் துணையோடு குழந்தை பெற்ற செய்தி அவ்வப்போது வருகிறது. வரும்போதெல்லாம் இரண்டு வாதங்கள் கிளம்புகின்றன. ஐம்பதோடு போதும் என்று இயற்கையே வகுத்திருக்கும்போது அதை மீறலாமா என்பது ஒன்று. பழங்காலத்தில் யாரும் நாற்பதைத் தாண்டியதில்லை, எனவே மாதவிடாய் நிற்பது என்பதே மருத்துவம் ஆயுளை நீட்டியதால் உண்டான பக்கவிளைவு என்பது மற்றொன்று. இதற்கு நடுவில், சிம்பன்சிகளுக்கும் மாதவிடாய் நிற்கிறது என்று 2023இலும், திமிங்கலங்களில் அது பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது என்று 2024இலும் வெளியான ஆய்வுகள் குழப்பத்தைக் கூட்டியிருக்கின்றன. மேலே சொன்ன இரு வாதங்களுமே பிழையானவை. ஏன் பிழை என்பதை விளங்கிக்கொள்ள அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சொற்களும் எண்களும்

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால், வேறு நோயோ மருந்தோ அதற்குக் காரணமாக இல்லாத நிலையில், கடைசியாக வந்த மாதவிடாயை மாதவிடாய் நிறுத்தம், அதாவது மெனோபாஸ் என்று மருத்துவம் கணக்கிடுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்கு தவறுவதும், உடலில் திடீர் வெப்பம் பரவுவதும், தூக்கம் கெடுவதும் நிகழும் இடைக்காலம் ஒன்று உண்டு.

இதன் வேர் பெண் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது ஒரு பெண்ணின் சூலகங்களில் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை 10 முதல் 20 லட்சமாகவும், பருவமடையும்போது மூன்று, நான்கு லட்சமாகவும் குறைந்துவிடுகின்றன. வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை சுமார் 400 முதல் 500 மட்டுமே. மற்றவை வெளிவராமலே அழிகின்றன. கையிருப்பு ஏறத்தாழ ஆயிரத்துக்குக் கீழே இறங்கும்போது சுழற்சியை நடத்தப் போதுமான ஹார்மோன் சுரப்பதில்லை, மாதவிடாய் நின்றுவிடுகிறது. ஆகவே மாதந்தோறும் ஒன்றாகச் செலவழிந்து முட்டைகள் தீர்ந்துபோகின்றன என்ற பரவலான எண்ணம் தவறு. கணக்கைத் தீர்ப்பது செலவு அல்ல, தேய்மானம்.

இன்னொரு எண்ணும் நினைவில் இருக்க வேண்டும். கருத்தடை வழக்கமில்லாத சமூகங்களில் பெண்கள் கடைசிக் குழந்தையைப் பெறும் சராசரி வயது 40, 41. வட அமெரிக்க ஹட்டரைட் சமயக் குழுவினரின் பதிவுகள் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று. மாதவிடாய் நிற்பதற்குப் பத்தாண்டுகள் முன்பே கருத்தரிக்கும் திறன் நடைமுறையில் முடிந்துவிடுகிறது. பரிணாமம் விளக்க வேண்டிய எல்லைக்கோடு உண்மையில் ஐம்பது அல்ல, நாற்பது.

புதிர் எங்கே இருக்கிறது

இயற்கைத் தேர்வு என்பது, அதிக வாரிசுகளை விட்டுச்செல்ல உதவும் மரபணுப் பண்புகள் தலைமுறைதோறும் பெருகுவதும் உதவாதவை அருகுவதுமாகிய இயல்பான வடிகட்டல். அதற்கு நோக்கம் கிடையாது. எனவே மாதவிடாய் நிறுத்தத்தின் 'பரிணாம நோக்கம்' என்று சொல்லும்போது, அந்தப் பண்பு நிலைபெற எந்த நன்மை காரணமாக இருந்தது என்று கேட்கிறோம் என்பதே பொருள். நன்மை எதுவும் இல்லாமலே ஒரு பண்பு நிலைத்திருக்கவும் முடியும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

1952இல் உயிரியலாளர் பீட்டர் மெடவார் முன்வைத்த கருத்து இது: வயது ஏற ஏற இயற்கைத் தேர்வின் பிடி தளர்கிறது, ஏனெனில் முதுமையில் வெளிப்படும் கேடு, ஏற்கெனவே பிறந்துவிட்ட வாரிசுகளைப் பாதிப்பதில்லை. 1966இல் மற்றோர் உயிரியலாளரான வில்லியம் ஹாமில்டன் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். இதன்படி, குழந்தை பெறும் திறன் அற்றுப்போன ஓர் உயிரின் உடலைப் பழுதில்லாமல் வைத்திருக்கத் தேர்வுக்குக் காரணமே இல்லை. பெரும்பாலான பாலூட்டிகள் அப்படித்தான் இருக்கின்றன: ஈனும் திறனும் உயிரும் ஏறக்குறைய ஒன்றாக முடிகின்றன. மனிதப் பெண்ணிடமோ, இதயமும் சிறுநீரகமும் மூளையும் இன்னும் பல பத்தாண்டுகள் உழைக்கத் தயாராக இருக்கும்போது, சூலகம் தனியாக ஓய்வு பெற்றுவிடுகிறது.

"முன்பு யாரும் அவ்வளவு காலம் வாழவில்லையே" என்ற மறுப்பு, சராசரி ஆயுள் என்ற எண்ணைத் தவறாகப் படிப்பதால் வருவது. பத்துப் பேர் பிறந்து, நான்கு பேர் கைக்குழந்தையாகவே இறந்து, மீதி ஆறு பேரும் 65 வயது வரை வாழ்ந்தால் சராசரி ஆயுள் 39 ஆகிவிடும். அங்கே 39 வயதில் இறந்தவர் ஒருவர்கூட இல்லை. மைக்கேல் குர்வனும் ஹில்லார்ட் கப்லனும் 2007இல் வேட்டையாடி உணவு சேகரிக்கும் சமூகங்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வளர்ந்தவர்களின் மரணம் மிகுதியாக நிகழும் வயது 72ஐ ஒட்டியே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரினிடாட் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டவர்களின் பதிவுகள் இன்னும் கொடிய சான்று. பிறப்பைவிட இறப்பு மிகுந்த அந்த நரகத்திலும்கூட, பெண்கள் வளர்ந்தவர்களாக வாழ்ந்த மொத்த ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கருத்தரிக்கும் வயதைக் கடந்த பின் வாழ்ந்தவையாக இருந்தன. பேற்று வயதுக்குப் பிந்திய வாழ்வு நவீன மருத்துவத்தின் கொடை அல்ல. அது நம் இனத்தின் பழைய சொத்து.

இங்கே ஒரே கேள்வி போலத் தோன்றுவதைப் பிரித்தாக வேண்டும்:

1. சூலகம் ஏன் நாற்பது, ஐம்பது வயதில் நிற்கிறது?
2. அது நின்ற பின்னும் உடல் ஏன் இவ்வளவு காலம் தொடர்கிறது?

பொதுவெளி விவாதங்களும் சில ஆய்வுக் கட்டுரைகளும்கூட முதல் கேள்வியைக் கேட்டுவிட்டு இரண்டாவதற்கு விடை சொல்கின்றன. கீழே வரும் ஒவ்வொரு கருதுகோளையும் இந்த இரண்டில் எதற்கு அது விடை தருகிறது என்று கேட்டுக்கொண்டே படித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

வில்லியம்ஸின் கணக்கு

1957இல் முதுமை குறித்து எழுதிய கட்டுரையில் அமெரிக்க உயிரியலாளர் ஜார்ஜ் சி. வில்லியம்ஸ், மாதவிடாய் நிறுத்தம் ஒரு தகவமைப்பாக இருக்கலாம் என்று போகிற போக்கில் சொன்னார். மனிதக் குழந்தை பால்குடி மறந்த பின்னும் பல ஆண்டுகள் பிறர் கையை எதிர்பார்த்து வளர்வது. வயது முதிர்ந்த தாய் இன்னொரு பிரசவத்தில் இறந்துபோனால், புதிய குழந்தை மட்டுமல்லாமல் முன்பு பெற்ற குழந்தைகளும் திக்கற்றுப் போகும். ஆகவே ஒரு கட்டத்துக்கு மேல் பெறுவதை நிறுத்தி, பெற்றவற்றை ஆளாக்குவதே அதிக வாரிசுகளைத் தரும். இதைத் தாய்மைக் கருதுகோள் என்பர்.

கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கும் இந்த விளக்கம் எண்களில் தடுக்கி விழுகிறது. முதிய வயதுப் பிரசவத்தின் ஆபத்து உண்மையானது; ஆனால் மருத்துவ வசதியற்ற சமூகங்களிலும் நாற்பதைக் கடந்த தாய்மாரில் மிகப் பெரும்பான்மையினர் பிரசவத்தில் பிழைத்தே வந்திருக்கின்றனர். அந்தச் சிறுபான்மை ஆபத்தைத் தவிர்ப்பதற்காக எல்லோரும் மீதமுள்ள பேறுகள் அனைத்தையும் கைவிடுவது லாபமான பேரமாகத் தோன்றவில்லை. மேலும் கடைசிக் குழந்தை பதினைந்து வயதை எட்டிய பின்னும் தாய் இருபது, முப்பது ஆண்டுகள் வாழ்வதை இது விளக்குவதில்லை.

கிழங்கு தோண்டும் பாட்டிகள்

1980களில் மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய சகாக்கள் ஜேம்ஸ் ஓ'கானலும் நிக்கோலஸ் பிளர்ட்டன் ஜோன்ஸும், தான்சானியாவின் ஏயாசி ஏரிப் பகுதியில் வாழும் ஹாட்சா மக்களிடையே யார் எவ்வளவு நேரம் உணவு தேடுகிறார்கள் என்று அளந்தார்கள். பேற்று வயதைக் கடந்த பெண்கள் ஓய்ந்து உட்காரவில்லை. இளம் பெண்களைவிட அதிக நேரம் உழைத்தார்கள். இறுகிய மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும் கிழங்குகளைச் சிறு குழந்தைகளால் தோண்டி எடுக்க முடியாது. தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்து, அவளுடைய நேரம் கைக்குழந்தையிடம் போய்விடும்போது, பால்குடி மறந்த குழந்தையின் எடை பாட்டியின் உழைப்போடு சேர்ந்து ஏறியது, இறங்கியது.

இந்த ஒரு கவனிப்பிலிருந்து பெரிய வாதம் ஒன்று எழுந்தது. சிம்பன்சிக் குட்டி பால்குடியை விட்டவுடன் தானே உணவு தேடிக்கொள்ளும், அதனால் அதன் தாய் ஐந்து, ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஈனுகிறது. மனிதத் தாயோ மூன்று ஆண்டு இடைவெளியில் அடுத்த குழந்தையைப் பெற முடிகிறது, ஏனெனில் முந்தைய குழந்தைக்கு வேறு யாரோ உணவூட்டுகிறார்கள். அந்த 'வேறு யாரோ' பாட்டி என்றால், நீண்ட காலம் திடமாக வாழும் பாட்டியின் மகள் அதிகக் குழந்தைகளைப் பெறுவாள். அந்தக் குழந்தைகள் பாட்டியின் நீண்ட ஆயுளுக்கான மரபணுக்களையும் சுமப்பார்கள். பாட்டிக் கருதுகோள் என்று 1998இல் முழு வடிவம் பெற்ற இந்த வாதம், கவனமாகப் பார்த்தால், இரண்டாவது கேள்விக்கான விடை.

வரலாற்றுப் பதிவுகள் இதற்கு வலு சேர்த்தன. பின்லாந்து, கனடா நாடுகளின் பழைய தேவாலயக் குடும்பப் பதிவேடுகளைக் கொண்டு மிர்க்கா லாஹ்டன்பேராவும் விர்பி லும்மாவும் பிறரும் 2004இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், 50 வயதுக்கு மேல் ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் அவளுக்குக் கூடுதலாக இரண்டு பேரக்குழந்தைகள் இருந்தது தெரியவந்தது. கியூபெக்கின் செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் குடியேறியவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. தாய் உயிரோடிருந்த பெண்களுக்கு, தாயை இழந்தவர்களைவிட அதிகக் குழந்தைகள் பிறந்ததோடு, அவர்களில் பதினைந்து வயதை எட்டியவர்களும் அதிகமாக இருந்தனர். மகளின் வீடு தாயின் வீட்டிலிருந்து தள்ளிப்போகப் போக இந்த நன்மை தேய்ந்தது. வசதியுள்ள குடும்பங்களில் எல்லோருமே நீண்ட காலம் வாழ்ந்து நிறையப் பெற்றிருக்கலாம் என்ற ஐயத்துக்கு இந்தத் தூரக் கணக்கு நல்ல பதில். காம்பியாவில் 1950 முதல் 1974 வரை சேகரிக்கப்பட்ட தரவுகளில் தாய்வழிப் பாட்டி இருந்த குழந்தைகள் தளர்நடைப் பருவத்தில் அதிகம் பிழைத்தனர். தந்தைவழிப் பாட்டிக்கு அத்தகைய விளைவு காணப்படவில்லை.

ஆனால் இது முதல் கேள்விக்கு விடை ஆகுமா? சொந்தக் குழந்தையோடு ஒரு பெண்ணுக்கு மரபணு உறவு இரண்டில் ஒரு பங்கு, பேரக்குழந்தையோடு நான்கில் ஒரு பங்கு. ஒரு குழந்தையைக் கைவிடுவது ஈடாக வேண்டுமென்றால், அவளுடைய உதவி இல்லாவிட்டால் பிறந்திருக்கவோ பிழைத்திருக்கவோ முடியாத இரண்டு பேரக்குழந்தைகள் வேண்டும். பராகுவேயின் அச்சே மக்களிடம் கிம் ஹில்லும் மக்தலேனா ஹுர்ட்டாடோவும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, பாட்டியின் உதவி அந்த அளவுக்கு எட்டவில்லை என்று 1991இலேயே காட்டினார்கள். மியான்மரின் மரத்தொழில் யானைகளிலும் பாட்டி உடனிருக்கும் இளம் தாயின் கன்றுகள் அதிகம் பிழைக்கின்றன. ஆனால் யானைப் பாட்டிகள் அதற்காகத் தாம் ஈனுவதை நிறுத்திவிடுவதில்லை. உதவி செய்வதும் பெறுவதை நிறுத்துவதும் ஒன்றையொன்று சார்ந்தே ஆக வேண்டியவை அல்ல.

மாமியாரும் மருமகளும்

இந்த இடைவெளியை நிரப்ப 2008இல் மைக்கேல் கேன்ட், ரூஃபஸ் ஜான்ஸ்டன் ஆகியோர் முன்வைத்தது தலைமுறைப் போட்டிக் கருதுகோள். மனிதர்களிடம் ஒரு வியப்பான ஒழுங்கு உண்டு: தாய் பெறுவதை நிறுத்தும் காலமும் அடுத்த தலைமுறை பெறத் தொடங்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. மற்ற பாலூட்டிகளில் தாயும் மகளும் ஒரே காலத்தில் ஈனுவது சாதாரணம்.

ஒரே குழுவில் இரண்டு பெண்கள் ஒரே உணவை நம்பிக் குழந்தை பெற்றால் இருவரின் குழந்தைகளுக்கும் பங்கு குறையும். யார் விட்டுக்கொடுப்பது? இளம் பெண் மணமாகிக் கணவனின் குழுவுக்கு வருவது பழைய மனிதச் சமூகங்களில் வழக்கமாக இருந்திருந்தால், கணக்கு ஒருபக்கம் சாய்கிறது. மருமகள் பெறும் குழந்தை மாமியாருக்குப் பேரன் அல்லது பேத்தி. நான்கில் ஒரு பங்கு உறவு. மாமியார் பெறும் குழந்தையோடு மருமகளுக்கோ இரத்த உறவே இல்லை. எனவே மருமகள் விட்டுக்கொடுப்பதில் அவளுக்கு மரபணு லாபம் எதுவும் கிடையாது. மாமியார் விட்டுக்கொடுத்தால் சிறிதாவது திரும்பி வருகிறது. 2012இல் பின்லாந்துப் பதிவுகளைக் கொண்டு இதைச் சோதித்தபோது, மாமியாரும் மருமகளும் ஒரே காலத்தில் பெற்ற இடங்களில் குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு 66 விழுக்காடு வரை சரிந்திருந்தது. தாயும் மகளும் ஒரே காலத்தில் பெற்றபோது அத்தகைய சரிவு தெரியவில்லை.

எண்களில் தடுக்கிய தாய்மைக் கருதுகோளை விட்டால், முதல் கேள்வியை நேராக எதிர்கொள்வது, சொல்லப்பட்ட கருதுகோள்களில் இது ஒன்றுதான் என்பது என் மதிப்பீடு. அதன் பலவீனம், பழைய மனிதர்களில் மணமாகிப் போனது எப்போதும் பெண்தானா என்பது உறுதியில்லாதது. இன்றைய வேட்டைச் சமூகங்களில் தாய்வீட்டருகே வாழ்பவர்களும் கணவன் வீட்டருகே வாழ்பவர்களும் இடம் மாறிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு.

கடலிலிருந்து வரும் சாட்சியம்

ஓர் இனத்தை மட்டும் வைத்துப் பரிணாமக் காரணத்தை நிறுவுவது கடினம்; ஒப்பிட வேறொன்று வேண்டும். அது கடலில் கிடைத்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் வாழும் ஓர்காக்களை, அதாவது கொலைத் திமிங்கலங்களை, 1970கள் முதல் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு பதிந்து வருகின்றனர். பெண் ஓர்கா நாற்பதை ஒட்டி ஈனுவதை நிறுத்துகிறது. அதன் பின் எண்பது, தொண்ணூறு வயது வரைகூட வாழ முடிகிறது. மகனும் மகளும் வாழ்நாள் முழுதும் தாயின் கூட்டத்திலேயே இருக்கின்றனர்.

முதிய பெண்கள் அங்கே செய்வது என்ன? இரையான சால்மன் மீன் குறைந்த ஆண்டுகளில் கூட்டத்தை முன்னின்று நடத்துபவை பெரும்பாலும் அவையே என்பது 2015இல் தெரியவந்தது. தாய் இறந்த ஓராண்டுக்குள், முப்பதைக் கடந்த ஆண் ஓர்கா இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 14 மடங்கு உயர்கிறது. முப்பது வயது 'பிள்ளை'க்குத் தாய் அவ்வளவு தேவைப்படுகிறாள். ஈனும் வயதைக் கடந்த பாட்டி இறந்தால் பேரக்குட்டிகளின் இறப்பும் கூடுகிறது. போட்டிக் கருதுகோளுக்கும் இங்கே ஆதரவு உண்டு: டேரன் கிராஃப்டும் சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தாயும் மகளும் ஒரே காலத்தில் ஈன்றபோது தாயின் குட்டி இறக்கும் ஆபத்து மகளின் குட்டியைவிட 1.7 மடங்காக இருந்தது.

2024இல் சாமுவேல் எல்லிஸும் குழுவினரும் பல் உள்ள திமிங்கல இனங்கள் பலவற்றை ஒப்பிட்டு நேச்சர் இதழில் வெளியிட்டதுதான், இந்த விவாதத்தில் திருப்புமுனை என்று நான் கருதும் ஆய்வு. ஓர்கா, போலி ஓர்கா, குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலம், பெலூகா, நார்வால் ஆகிய ஐந்து இனங்களில் ஈனல் நின்ற பின் நீண்ட வாழ்வு இருக்கிறது. இவற்றின் பெண்கள், அதே உடல் அளவுள்ள பிற திமிங்கல இனங்களின் பெண்களைவிட ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதிகம் வாழ்கின்றன. ஆனால் ஈனும் காலத்தின் நீளம் மட்டும் மற்றவற்றைப் போலவே இருக்கிறது. அதாவது, பரிணாமம் ஈனலை முன்னதாக வெட்டவில்லை. ஈனும் காலத்தைத் தொடாமல் ஆயுளை நீட்டியிருக்கிறது.

சிம்பன்சிகள் சொல்வது

மனிதர்களுக்கும் இதே கதைதானா என்று பார்க்க நெருங்கிய உறவினரிடம் போக வேண்டும். காட்டுச் சிம்பன்சிகளின் ஈனும் திறன் நாற்பதுகளில் சரிந்து ஐம்பதை ஒட்டி முடிகிறது. ஏறக்குறைய மனிதப் பெண்களின் அட்டவணைதான். வேறுபாடு, பெரும்பாலான சிம்பன்சிகள் அந்த வயதை எட்டுவதற்கு முன்பே இறந்துவிடுகின்றன. மனித, சிம்பன்சி முன்னோருக்கும் சூலகக் கடிகாரம் இப்படியே ஓடியிருக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நியாயமான ஊகம்.

2023இல் பிரையன் வுட் தலைமையிலான குழு, உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் ங்கோகோ என்ற இடத்துச் சிம்பன்சிக் கூட்டத்தில் 185 பெண்களின் இருபதாண்டுத் தரவுகளை ஆராய்ந்தது. அங்கே பெண்கள் வளர்ந்தபின் வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஈனல் நின்ற பிறகு கழிந்தது. சிறுநீரில் இருந்த ஹார்மோன் அளவுகளும் மனிதப் பெண்களின் மாற்றத்தை ஒத்திருந்தன. ஆனால் சிம்பன்சிப் பெண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டத்துக்குப் போய்விடுவதால், பாட்டி மகளின் குட்டிகளை வளர்க்க வாய்ப்பில்லை. அப்படியானால் பாட்டிக் கருதுகோள் பொய்யா? அவசரப்பட வேண்டியதில்லை. ங்கோகோவில் உணவு தாராளம், சிறுத்தைகள் அற்றுப்போய்விட்டன. நல்ல சூழல் அமைந்தால் உடல் சூலகத்தைக் கடந்தும் சில ஆண்டுகள் ஓடும் என்பதை இது காட்டுகிறது. அந்தச் சில ஆண்டுகளைப் பல பத்தாண்டுகளாக நீட்டியது எது என்பது வேறு கேள்வி.

இதுவரை வந்ததை வரிசையாக வைத்தால்:

1. சூலகம் நிற்கும் வயது, குரங்கினத்திலிருந்து ஏறத்தாழ மாறாமல் வந்த பழைய அட்டவணை.
2. மனித மரபுவழியில் நீண்டது ஆயுள். அதை நீட்டியதற்கு, பாட்டியின் உதவி இருப்பவற்றுள் வலுவான விளக்கம்.
3. ஆயுளோடு சேர்ந்து ஈனும் காலமும் ஏன் நீளவில்லை என்பதற்கு, முட்டைக் கையிருப்பு பிறப்பிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுவது முதல் விடை. ஆனால் யானைகள் அறுபதைக் கடந்தும் ஈனுகின்றன, ஆகவே அந்தத் தடை மீற முடியாதது அல்ல. தலைமுறைப் போட்டி இங்கே கூடுதல் விளக்கமாகிறது.

இவற்றில் மூன்றாவதுதான் இன்னும் முடியாத வழக்கு. ஆண்கள் இளம் பெண்களையே நாடியதால் மாதவிடாய் நிறுத்தம் தோன்றியது என்று 2013இல் ஒரு கணினி மாதிரி முன்வைக்கப்பட்டு, செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. ஈனும் திறன் குன்றியதால் நாட்டம் குறைந்ததா, நாட்டம் குறைந்ததால் திறன் குன்றியதா என்ற முன்பின் சிக்கலை அது தீர்க்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

பிந்திய தாய்மைக்கு இதிலிருந்து என்ன கிடைக்கிறது

வயது ஏறும்போது கருத்தரிப்பைத் தடுப்பது கருப்பை அல்ல, முட்டை. ஒரு பெண்ணின் முட்டைச் செல்கள் அவள் கருவாக இருந்தபோதே பிளவுபடத் தொடங்கி, நடுவழியில் நிறுத்தி வைக்கப்பட்டவை. நாற்பது வயதில் வெளிவரும் முட்டை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நிலையிலேயே காத்திருந்தது. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களை ஒன்றாகப் பிடித்திருக்கும் புரதங்கள் அதற்குள் தேய்ந்துவிடுவதால், பிரிவினை பிசகிக் குரோமோசோம் எண்ணிக்கை தவறுகிறது. 25 வயதில் ஏறத்தாழ 1,250 பிறப்புகளில் ஒன்றாக இருக்கும் டவுன் நோய்க்கூறு 40 வயதில் 100இல் ஒன்றாகவும், 45இல் 30இல் ஒன்றாகவும் உயர்வதும், 45ஐக் கடந்த கருத்தரிப்புகளில் பாதிக்கு மேல் கருச்சிதைவில் முடிவதும் இதன் விளைவுகள்.

1984இல் கொடைமுட்டையால், அதாவது வேறொரு பெண் கொடுத்த முட்டையால், முதல் குழந்தைகள் பிறந்த பின், கருப்பைக்கு அந்தக் கடிகாரம் இல்லை என்பது வெளிச்சமாயிற்று. ஹார்மோன் கொடுத்தால், மாதவிடாய் நின்ற பின்னும் கருப்பை கருவை ஏற்கிறது. வெற்றி வாய்ப்பைப் பெரிதும் தீர்மானிப்பது முட்டை கொடுத்தவரின் வயது. அறுபது, எழுபது வயதுப் பிரசவச் செய்திகளின் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுவே. செய்தித் தலைப்புகள் 'கொடைமுட்டை' என்ற சொல்லை விட்டுவிடும்போது, நாற்பதுகளில் இருக்கும் வாசகர்கள் தங்கள் முட்டைக்கும் அதே வாய்ப்பு உண்டு என்று எண்ணிக்கொள்வது உண்மையான தீங்கு. கருப்பை ஏற்றாலும் தாயின் இதயமும் இரத்தக் குழாய்களும் வயதுக்கேற்பவே இருக்கும். உயர் இரத்த அழுத்தம், கர்ப்பகால நீரிழிவு, அறுவைப் பிரசவம் ஆகியவற்றின் வாய்ப்பு வயதோடு கூடுகிறது. கொடைமுட்டைக் கர்ப்பங்களில் கர்ப்பகால இரத்த அழுத்த நோயின் ஆபத்து மேலும் அதிகம்.

நாற்பதுக்குப் பின் இயல்பாகக் குழந்தை பெற்ற பெண்கள் நூறு வயதை எட்டும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று 1997இல் தாமஸ் பெர்ல்ஸும் சகாக்களும் வெளியிட்ட கணிப்பும் அடிக்கடி தவறாக எடுத்தாளப்படுகிறது. பிந்திய பேறு ஆயுளை நீட்டியது என்று அதற்குப் பொருளில்லை. மெதுவாக மூப்படையும் உடலில் சூலகமும் மெதுவாக மூப்படைகிறது. இரண்டும் ஒரே வேரின் இரண்டு கிளைகள்.

'இயற்கை வகுத்த எல்லை' என்ற வாதத்துக்கு மேலே கண்ட எதிலும் ஆதாரமில்லை. சூலக அட்டவணை பழைய மிச்சம் என்றால், அதில் எந்தக் கட்டளையும் இல்லை. பாட்டிகளின் உழைப்பு நம் ஆயுளை நீட்டியது என்பதாலும் இன்றைய பெண்ணுக்குப் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கடமை எதுவும் பிறப்பதில்லை. ஒரு பண்பு எப்படி வந்தது என்பது, அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாது.

கடிகாரத்தையே தள்ளிவைக்க முடியுமா என்பதில் பரிணாமத்தின் கணக்கு வேறு வடிவில் குறுக்கிடுகிறது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பெண்களின் மரபுத் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, மாதவிடாய் நிற்கும் வயதோடு தொடர்புள்ள 290 மரபணு இடங்களை இனங்கண்டது. அவற்றில் பல, டி.என்.ஏ. பழுதைக் கண்டறிந்து செப்பனிடும் அல்லது பழுதடைந்த செல்லை அழிக்கும் மரபணுக்களைச் சேர்ந்தவை. அவற்றுள் செக்-2 என்ற மரபணு பழுதான முட்டைகளை ஒழித்துக்கட்டும் காவலாளி. அதன் ஒரு பிரதி செயலிழந்த பெண்களுக்கு மாதவிடாய் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தாமதமாக நிற்கிறது. எலிகளில் அதை நீக்கியபோதும், துணை மரபணுவான செக்-1ஐக் கூட்டியபோதும் ஈனும் காலம் ஏறத்தாழ கால் பங்கு நீண்டது. ஆனால் செக்-2 செயலிழந்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து அதிகம் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. சூலகத்தில் முட்டைகளைக் குறைக்கும் அதே காவல்தான் உடலின் பிற இடங்களில் கெட்ட செல்களையும் தடுத்து நிற்கிறது. சூலகக் காலத்தை நீட்டும் மருந்தைத் தேடும் ஆய்வுகள் ஒன்றை மட்டும் தளர்த்தி மற்றொன்றை விட்டுவைக்கும் வழியைக் கண்டாக வேண்டும்.